விடியல் சற்றுத் தாமதமாகும்

மார்ச் நான்காம் தேதி, புதன்கிழமை, நகரக் கோளரங்கத்தின் பதினொன்றரை மணிக் காட்சி ஏழு நிமிடம் தாமதமாகத் தொடங்கியது.

கருவியில் சின்னக் கோளாறு என்று வாசலில் சீட்டுக் கிழிப்பவர் மக்களிடம் சொல்லிவிட்டார், யார் அவரை அப்படிச் சொல்லச் சொன்னது, கருவி நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு எனக்கு, நான் துடைப்பமும் வாளியும் வைக்கிற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணனிடம் போனில் கத்திக்கொண்டிருந்தேன், அதையே சொல்லியிருக்கலாம், விளக்கம் சொல்கிற அம்மாள் தன் அண்ணனோடு சண்டை போடுகிறார், முடிந்ததும் பிரபஞ்சம் தொடங்கும் என்று, ஒருவரும் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்... ஆனால் எல்லோருக்கும் பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது, கொட்டாவி வருகிற மாதிரி. பாப்பா, நீ வாயத் திறக்காதே என்கிறான். ஐம்பத்தோரு வயதில் நான் அவனுக்குப் பாப்பா. டாக்டர் அவனிடம்தான் சொல்லியிருக்கிறார், அக்காவிடம் அல்ல. அக்காவின் நுரையீரல், அக்காவின் இருமல், அக்காவின் பெயர் எழுதிய உறை, அதை வாங்கி வரப் போனவன் இவன் என்பதால் உள்ளே இருந்தது இவனுக்குச் சொந்தமாகிவிட்டதா? இரண்டு பக்கமும் பரவிவிட்டதாம். அறுக்க வழியில்லையாம். இந்த வருடக் கடைசிவரை ஓட்டலாம், அதற்குமேல் சொல்வதற்கில்லை என்றாராம் டாக்டர். கேட்டுக்கொண்டு வந்தவன் அக்காவிடம் போய், ஒண்ணுமில்ல, பழைய சளி உறைஞ்சு கெடக்கு, மாத்திரையில கரைஞ்சிடும் என்று பூசி மெழுகிவிட்டு, வெளியே தெருவில் நின்று எனக்குப் போன் போடுகிறான். "தெரிஞ்சா அவ இன்னைக்கே பாதி செத்துடுவா பாப்பா. தெரியாத வரைக்கும் நிம்மதியா இருக்கட்டும்." யாருடைய நிம்மதி? அவளுடையதா, உன்னுடையதா? அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்து அதைச் சொல்ல உனக்குத் தைரியமில்லை, அதற்கு அன்பு என்று ஒரு சட்டையை மாட்டிவிடுகிறாய். நான் சொல்வேன் என்றேன், இன்றைக்கே சொல்வேன், அக்கா இன்று இங்கே வருகிறாள், காட்சி முடிந்து வெளியே வந்ததும் சொல்லிவிடுவேன் என்றேன். நீ என்ன பெரிய கடவுளா என்றான். நான் போனை வைத்துவிட்டேன், வாளியை ஒரு உதை விட்டேன், கால் கட்டைவிரல் இன்னும் வலிக்கிறது.

இப்போது என் வாய் தன்பாட்டுக்கு வேலை செய்கிறது. வணக்கம், இருக்கையைப் பின்னால் சாய்த்துக்கொள்ளுங்கள், கைப்பேசியை அணைத்துவிடுங்கள், நடுவில் எழுந்து நடக்காதீர்கள், இருட்டில் படிகள் தெரியாது... குரல் வழுக்கிக்கொண்டு போகிறது, இத்தனை வருடப் பழக்கம், உள்ளே என்ன எரிந்தாலும் ஒலிவாங்கியில் அது கேட்காது. குவிமாடத்தின் மேற்கு ஓரத்தில் சூரியன் இறங்குகிறது. எதிர்மூலையில் விசைப் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து அதை இறக்குகிறவர் விடியல்காரர், அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வேறு, ஆனால் எந்தக் காட்சியானாலும் கடைசியில் கிழக்கு ஓரத்தில் இளஞ்சிவப்பைக் கொண்டுவந்து சூரியனை ஏற்றிவைப்பது அவர் வேலை, அதனால் இங்கே எல்லோருக்கும் அவர் விடியல்காரர், அவர் மனைவியே போனில் விடியல்காரர் இருக்காரா என்றுதான் கேட்பாள். அது இங்கே மாற்ற முடியாத வழக்கம், கிரகணமோ வால்நட்சத்திரமோ, எதைக் காட்டினாலும் முடிவில் விடிய வேண்டும், இருட்டுக்குப் பழகிய கண்ணில் நேராகக் குழல்விளக்கைப் போட்டால் வலிக்கும், கீழே இறங்குகிறவர்கள் தடுக்கி விழுவார்கள். என் கையில் ஒரு சிவப்புக் கைவிளக்கு. அதை இரண்டு தடவை சிமிட்டினால், விடியலைத் தொடங்கு என்று அவருக்கு அர்த்தம். அதுவரை அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நடுவில் நிற்கிற நட்சத்திரக் கருவி, இரண்டு உருண்டைத் தலையும் மெலிந்த இடுப்புமாக, நாங்கள் எறும்பு என்று கூப்பிடுவது, இப்போதுதான் முனகிக்கொண்டு எழுகிறது, கூரை முழுவதும் நட்சத்திரம் கொட்டுகிறது, எல்லோரும் ஆ என்கிறார்கள், எப்போதும் இந்த இடத்தில் ஆ என்பார்கள், அந்த ஆவுக்குள் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு இருமல் கேட்கிறது. வறண்ட இருமல், இரண்டு சின்னது, ஒன்று நீளம். அக்கா வந்துவிட்டாள்.

நீ உலகத்தை அழிக்கிறதை நான் ஒரு நாளாவது வந்து பாக்கணும்டி என்று போன வாரம் சொன்னாள். இந்தக் காட்சியின் பெயரே பிரபஞ்சத்தின் முடிவு, வசனம் நான் எழுதியது, அக்கா இதுவரை பார்த்ததில்லை, அவளுக்கு வேலை இருந்தது, ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர், நாளெல்லாம் ஒலிபெருக்கிக்கு முன்னால். இரண்டு பேருக்கும் குரல்தான் பிழைப்பு, அவளுடையது இரும்பு, என்னுடையது வெண்ணெய். வண்டி ரத்து என்றால் உடனே சொல்லக்கூடாது என்று அவளுக்கு மேலே இருந்தவர்கள் ஒரு விதி வைத்திருந்தார்கள், கூட்டம் கலவரப்படும், சற்று நேரத்தில் வந்து சேரும் என்றே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அக்கா ஒரு மழை நாளில் ஒலிவாங்கியை இழுத்து, அந்த வண்டி இன்னைக்கு வராது, கைக்குழந்தை வெச்சிருக்கிறவங்க வீட்டுக்குக் கிளம்புங்க என்று சொல்லிவிட்டாள், அறிவிப்பு நடையில்கூட இல்லை, வீட்டுப் பேச்சில். விளக்கம் கேட்டு ஓலை வந்தது. அவள் அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சிரிப்பாள். "காத்துக்கிட்டிருக்கிறவனுக்கு வண்டி வராதது கஷ்டமில்லடி. சற்று நேரத்தில், சற்று நேரத்தில்னு கேக்கறான் பாரு, அதான் கஷ்டம்." இப்படிப்பட்டவளிடமா மறைக்கிறான்? எந்தத் துப்பறியும் நாவலையும் கடைசிப் பக்கத்தில் இருந்து ஆரம்பிக்கிறவள், கொலைகாரன் யாரென்று தெரிந்தால்தான் மற்றதை நிதானமாகப் படிக்க முடியும் என்பாள், சின்ன வயதில் நான் படிக்கும்போது பின்னால் வந்து நின்று சமையல்காரன்தான்டி என்று சொல்லிவிட்டு ஓடுவாள், ஒருமுறை நான் கடைசி நான்கு பக்கங்களைப் பசை தடவி ஒட்டிவைத்தேன், பிளேடால் கீறிப் படித்துவிட்டாள். அவளுக்கு முடிவு தெரிய வேண்டும். அவள் ஒருத்திக்குத்தான் அதைத் தெரிந்துகொள்கிற உரிமையே இருக்கிறது...

"ஒரு பலூனில் புள்ளிகள் வைத்து ஊதிப் பாருங்கள்," என்கிறேன். கூரையில் பலூன் பெரிதாகிறது. புள்ளிகள் நகரவில்லை, அவற்றுக்கு இடையே இருக்கும் இடம்தான் வளர்கிறது, எந்தப் புள்ளியில் நின்று பார்த்தாலும் மற்றதெல்லாம் தன்னை விட்டுப் போவது போலவே தெரியும், நடுவில் இருப்பவர் என்று யாருமில்லை. அப்பா, பலூன் வெடிக்காதா என்று ஒரு குழந்தை கேட்கிறது, தினமும் ஒரு குழந்தை கேட்கும், பெரியவர்கள் சிரிப்பார்கள், நானும் என் வசனத்தில் அந்தச் சிரிப்புக்கு இடம் விட்டிருக்கிறேன். வெடிப்பதற்கும் ஒரு வழி இருக்கிறது கண்ணா, ஆனால் இப்போதைக்குத் தெரிந்தவரை அப்படி நடக்காது, வளர்ந்துகொண்டேதான் போகும், போகப்போக வேகமாக. இப்போதைக்குத் தெரிந்தவரை. அந்த வார்த்தைகளைச் சனி எத்தனை தடவை அடிக்கச் சொன்னார். சனி என்பது எங்கள் இயக்குநர், தொப்பைக்கு நடுவில் அகலமாகப் பெல்ட் கட்டுவதால் அந்தப் பெயர் வந்தது, பிறகு மற்றக் காரணங்களாலும் நிலைத்துவிட்டது. மக்கள் உறுதியைக் கேட்க வருகிறார்கள் மேடம், சந்தேகத்தைக் கேட்க இல்லை என்பார். போன வாரம் யாரோ ஒரு பெற்றோர் வந்து புகார் சொன்னார்கள், எங்கள் பிள்ளை சூரியன் எப்ப அணையும்னு கேட்டு சாப்பிடவே மாட்டேங்குது என்று. உடனே முடிவை வெட்டிவிட்டார். நட்சத்திரங்கள் அணைகிற பகுதியே கிடையாதாம் இனி. அதற்குப் பதிலாக அவரே ஒரு பத்தி எழுதித் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறார், என் பலகையில் கிளிப் மாட்டி இருக்கிறது, நட்சத்திரங்கள் பிறந்துகொண்டே இருக்கும், பிரபஞ்சத்தின் பயணம் தொடரும், உங்கள் கனவுகளைப் போல. உங்கள் கனவுகளைப் போலவாம். பிரபஞ்சத்தின் முடிவு என்று வாசலில் ஆள் உயரத்துக்குப் படம் ஒட்டிவைத்துவிட்டு, உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்து, முடிவை மட்டும் சொல்லாமல் அனுப்பு. இவரும் அண்ணனும் ஒரே பள்ளியில் படித்திருப்பார்களோ.

அந்தப் பிள்ளை கேட்டதில் என்ன தப்பு? கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாத அப்பன் இங்கே வந்து புகார் சொல்கிறான், அவ்வளவுதான். சூரியன் அணைய இன்னும் ஐந்நூறு கோடி வருடம் இருக்கிறது, நீ சாப்பிட்டுத் தூங்கி எழுந்து கிழவனாகி எத்தனையோ தலைமுறை போன பிறகும் இருக்கும் என்று சொன்னால் பிள்ளை சாப்பிட்டிருக்கும். பிள்ளைகளுக்கு உண்மை செரிக்கும். செரிக்காதது பெரியவர்களுக்கு. அக்காவின் மகள் வெளிநாட்டில் இருக்கிறாள், வயிற்றில் குழந்தை, வருகிற ஜூலையில் பிரசவம். போய் இரு என்று எல்லோரும் சொன்னோம். அடுத்த வருஷம் போறேன், இந்த இருமல் சரியாகட்டும், குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கிற வயசில போனாத்தான் எனக்கும் சுவாரஸ்யம் என்றாள். அடுத்த வருடம். அண்ணனுக்கு இது தெரியும், தெரிந்தும் மென்று விழுங்கிவிட்டு வந்திருக்கிறான், அதை நான் போனில் கேட்டபோது என்ன சொன்னான் தெரியுமா, அதுதான் வாளியை உதைக்க வைத்தது. "நீதானே பாப்பா சொல்லுவே, நட்சத்திரம் செத்துப்போன பிறகும் அதோட வெளிச்சம் வந்துக்கிட்டே இருக்கும்னு. வரட்டுமே. அவ பாத்துக்கிட்டிருக்கட்டுமே." என் வசனம். வருடக்கணக்காக நான் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய வரி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதிக்கொண்டு போகிற வரி, அதை எடுத்து என் வாயிலேயே அடைக்கிறான். அது ஆறுதல் இல்லையடா முட்டாளே, அது தகவல். வெளிச்சம் பொய் சொல்லவில்லை, தாமதமாக வருகிறது, அவ்வளவுதான், நீ வருகிற வெளிச்சத்தை மறித்து நிற்கிறாய்...

என் குரல் இப்போது விலகிச் செல்லும் விண்மீன் திரள்களுக்கு வந்திருக்கிறது. ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருக்கும் அளவுக்குப் பக்கத்தில் இருப்பவை பிரியாது, நம் திரளும் பக்கத்துத் திரளும் ஒருநாள் ஒன்றாகிவிடும், ஆனால் மற்ற எல்லாம், கோடானுகோடித் திரள்களும், தூரம் வளர வளர, அவற்றின் ஒளி நம்மை எட்ட முடியாத எல்லைக்கு அப்பால் போய்விடும். விடியல்காரர் தூரத்துத் திரள்களை ஒவ்வொன்றாக மங்கவிடுகிறார். அப்போது இங்கே யாராவது பிறந்து, தொலைநோக்கி செய்து வானத்தைப் பார்த்தால், தங்கள் ஒரு திரளைத் தவிர வேறு எதுவும் தெரியாது. வெறும் இருட்டு. பிரபஞ்சம் என்றால் இவ்வளவுதான், இது எப்போதும் இப்படியே இருந்தது, இப்படியே இருக்கும் என்றுதான் முடிவு செய்வார்கள். "அவர்கள் முட்டாள்கள் அல்ல," என்கிறேன், வசனத்தில் இருப்பதைவிடச் சத்தமாக. "நம்மைவிடக் கெட்டிக்காரர்களாகவே இருக்கலாம். ஆனாலும் தப்பாகத்தான் முடிவு செய்வார்கள். அவர்களுக்குச் சாட்சி கிடைக்காமல் போய்விட்டது." மூன்றாவது வரிசையில் இருமல். புறங்கையால் கண்ணைத் துடைக்கிறேன், இது அழுகை இல்லை, கோபம், எனக்கு இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும், அம்மா அதற்காகவே என்னைக் கண்ணீர்க்காரி என்று கேலி செய்வாள். அக்கா அங்கே சாய்ந்து படுத்துக்கொண்டு, ஒன்றுமில்லை, சளி என்று முடிவு செய்துகொண்டிருக்கிறாள், கெட்டிக்காரி, எல்லாவற்றையும் கடைசிப் பக்கத்தில் பார்த்துவிடுகிறவள், அவளுடைய கடைசிப் பக்கத்தை ஒருவன் சட்டைப் பையில் மடித்து வைத்திருக்கிறான்.

இந்த இடம்தான். இங்கே நான் பலகையில் இருக்கிற பத்தியைப் படிக்க வேண்டும், உங்கள் கனவுகளைப் போல என்று முடிக்க வேண்டும், கைவிளக்கைச் சிமிட்ட வேண்டும், விடியும். விடியல்காரர் என் பக்கம் பார்க்கிறார், விசைப் பலகையின் பச்சை வெளிச்சத்தில் அவர் கண்ணாடி மட்டும் தெரிகிறது. நான் தாளைக் கவிழ்த்து வைத்தேன். கைவிளக்கின் சிவப்பு வட்டத்தை என் உள்ளங்கையில் விழவைத்து, கையை மெதுவாகக் கீழே இறக்கினேன், பழைய முடிவு என்று அர்த்தம், அவருக்குப் புரியும். அவர் கொஞ்சம் தயங்கினார், அவருக்கும் வேலை இருக்க வேண்டும், பிறகு ஒரு நட்சத்திரம் அணைந்தது. நல்ல மனிதர். "நட்சத்திரம் செய்ய வாயு வேண்டும்," என்று ஆரம்பித்தேன், "அது தீரும். புதிதாகப் பிறப்பது நிற்கும். பெரிய நட்சத்திரங்கள் முதலில் போகும், அவை அவசரக்காரர்கள். சூரியனைப் போன்றவை பிறகு. சின்னஞ்சிறு சிவப்பு நட்சத்திரங்கள் சிக்கனமாக எரிந்து, நம்மால் சொல்லக்கூட முடியாத அளவு காலம் தாக்குப்பிடிக்கும். கடைசியில் அவையும் போகும்." கூரையில் துளைகள் அடைபடுவது போல இருட்டு இறங்கியது. கருந்துளைகள்கூடக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும் என்றேன், அதற்கப்புறம் சூடான இடம், குளிர்ந்த இடம் என்ற வித்தியாசமே இருக்காது, வித்தியாசம் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது, எதுவும் நடக்காவிட்டால் நேரம் என்று சொல்வதற்கும் பொருளில்லை. இப்போதைக்குத் தெரிந்தவரை. ஒற்றைச் சிவப்புப் புள்ளி மட்டும் உச்சியில் மிச்சமிருந்தது. அதுவும் அணைந்தது.

முழு இருட்டு. சாதாரணமாக இங்கே மூச்சை இழுத்து விடுகிற நேரம்தான் விடுவேன், உடனே சிமிட்டிவிடுவேன். இன்று என் கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது, அழுத்தவில்லை. ஏன் அழுத்த வேண்டும்? எதற்கு எல்லாவற்றுக்கும் ஒரு விடியல்? இவ்வளவும் சொல்லிவிட்டு உடனே கிழக்கில் ரோஜா நிறம் காட்டி, பார்த்தீர்களா, ஒன்றுமில்லை, எல்லாம் சும்மா, எழுந்து வீட்டுக்குப் போங்கள் என்று... நானும் இத்தனை வருடம் இதைத்தானே செய்திருக்கிறேன். இருக்கட்டும், உட்காரட்டும், சனி எங்கேயாவது பின்னால் நின்றுகொண்டிருந்தால் அவரும் நிற்கட்டும், அண்ணனை இழுத்துவந்து இந்த இருட்டுக்குள் உட்காரவைக்க வேண்டும், அந்த டாக்டரை, குடும்பத்தில் ஆம்பளை யாராவது வந்திருக்கீங்களா என்று கேட்டாராமே அந்த டாக்டரை, எல்லோரையும் வரிசையாக. குளிர்சாதனம் உறுமுகிறது. யாரோ இருக்கையை நிமிர்த்துகிறார்கள். அம்மா என்கிறது அந்தப் பலூன் குழந்தை, இங்கதான் இருக்கேன் என்று ஒரு பெண் குரல், எங்க, இங்க, கையக் குடு. ஒருவர் தொண்டையைச் செருமுகிறார். ஏதோ கோளாறு போல என்று பின்வரிசையில் முணுமுணுப்பு, எழுந்து நிற்கிற சத்தம், காலடி படியைத் தேடி உரசுகிற சத்தம், விழுந்துவிடுவார்கள், எனக்குத் தெரியும், அழுத்த வேண்டும், கட்டைவிரல் அசைய மாட்டேன் என்கிறது, கோபத்தில் கட்டை மாதிரி ஆகிவிட்டது. அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது, இரும்புக் குரல், ஒலிபெருக்கி இல்லாமலே குவிமாடம் முழுவதும் போய் மோதித் திரும்புகிற குரல்.

"பயணிகளின் கவனத்திற்கு. விடியல் சற்றுத் தாமதமாகும். யாரும் இருக்கையை விட்டு எழுந்திருக்க வேண்டாம். கைக்குழந்தை வெச்சிருக்கிறவங்க குழந்தையைப் பிடிச்சுக்கோங்க."

பிறகு யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும், நூறு பேருக்கு மேல் அந்த இருட்டில் வயிறு குலுங்கச் சிரித்தார்கள், எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள், அக்கா தானும் சிரிக்கப் போய் இருமினாள், நீளமாக இருமினாள், அந்த இருமலுக்குள் நான் இரண்டு தடவை சிமிட்டினேன். விடியல்காரர் காத்திருந்தவர் போலச் சூரியனை ஏற்றினார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாக.

வெளியே நடைவழியில் சனி நின்றிருந்தார். கத்தவில்லை, அவர் கத்த மாட்டார், எழுத்து மூலமா ஒரு விளக்கம் குடுத்துடுங்க மேடம், ரெண்டரை மணிக் காட்சியில புது முடிவு இல்லேன்னா நாளையிலேர்ந்து பதிவுக் குரல்தான் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். தருகிறேன் சார் என்றேன். அந்த நிமிடம் அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, கோபத்தை எல்லாம் எடுத்து வைத்திருந்தேன், அது எனக்குத் தேவைப்பட்டது, அதைப் பிடித்துக்கொண்டுதான் சொல்ல முடியும். சைக்கிள் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிமெண்ட் பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. மெலிந்திருந்தாள். கழுத்துச் சங்கிலி முன்பு இருந்த இடத்தில் இல்லை, இரண்டு விரல் இறங்கியிருந்தது, இதை நான் எப்படி இவ்வளவு நாள் பார்க்காமல் இருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். நன்றாக இருந்தது என்றாள். ஆனால் ஒரு கேள்வி கேட்டாள், எல்லாம் போச்சு, இனிமே ஒண்ணுமே நடக்காதுன்னு சொன்னியே, அப்புறம் எங்கேர்ந்து வந்தது அந்தச் சூரியன், அது பொய்தானே? ஜனங்கள் வழி தெரிந்து வெளியே போக வேண்டாமா என்றேன். அதுவும் சரிதான் என்றாள். கொஞ்ச நேரம் எதிரே ஒருவன் சைக்கிள் பூட்டைத் திறக்க முடியாமல் திணறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யார் மேல கோவம்டி உனக்கு, அத்தனை பேரையும் இருட்டுல போட்டு வெச்ச?"

இயக்குநர் மேல் என்றேன். அவள் ம் என்றாள். இதுதான் இடம், சொல், வாயைத் திற, ஒரே ஒரு வாக்கியம், அக்கா, அண்ணன் உன்கிட்ட சொன்னது பொய். இவ்வளவுதான். இதைவிடப் பெரிய வாக்கியங்களை இப்போதுதான் சொல்லிவிட்டு வந்திருக்கிறாய், நட்சத்திரம் எல்லாம் அணையும் என்று முன்பின் தெரியாத நூறு பேரிடம் நடுங்காமல் சொன்னாய்... அவளே ஆரம்பித்தாள், தம்பி போய் ரிசல்ட்டு வாங்கிட்டு வந்துட்டான், சளிதானாம், மாத்திரை குடுத்திருக்காங்க, வர்ற ஜனவரிக்குப் பாத்து வெச்சிருந்த டிக்கெட்டையும் தள்ளிப்போட்டுட்டேன், அடுத்த வருஷம் கோடையில போறேன்னு மகள்கிட்ட சொல்லிட்டேன் என்றாள். என் கோபத்தைத் தேடினேன். கால் கட்டைவிரல் வலி இருந்தது, கோபத்தைக் காணவில்லை.

"இப்பவே போயேன் அக்கா. பிரசவத்துக்கே போயிடு."

"ஏன், என்ன அவசரம்?"

அவள் முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அறிவிப்பு அறைக்குள்ளிருந்து கண்ணாடி வழியாகக் கூட்டத்தைப் பார்க்கிற பார்வை அது, எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், யார் எதற்காக நிற்கிறார்கள் என்று ஒரே தடவையில் அளந்துவிடும்.

"அவசரம் ஒண்ணுமில்ல," என்றேன்.

என் காதுக்கே அது அண்ணனின் குரல் மாதிரி கேட்டது, வாக்கியத்தின் கடைசியில் தொங்குகிற அந்த இழுவை உட்பட. அவனும் இப்படி ஒரு பெஞ்சில் உட்கார்ந்துதான் சொன்னானோ? அவளும் இப்படித்தான் முழுசாகத் திரும்பிப் பார்த்தாளோ? இதை நான் அவனிடம் கேட்கவே இல்லை.

அக்கா சரி என்றாள். சிறிது நேரம் கழித்து, வண்டியில போறப்போ படிக்க ஏதாவது வெச்சிருக்கியா என்றாள். என் பையில் ஒரு துப்பறியும் நாவல் இருந்தது, பாதி படித்தது, எடுத்துக் கொடுத்தேன். அட்டையைத் துடைத்தாள். நான் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன், எந்தப் பக்கம் போகப் போகின்றன என்று தெரிந்தேதான். அவை அட்டையைத் திறந்து, வெற்றுத் தாளைத் தள்ளி, முதல் பக்கத்தில் நின்றன. படிக்க ஆரம்பித்தாள். உதடு லேசாக அசைந்தது. பின்பக்கம் புரட்டவில்லை. கொலைகாரன் யாருன்னு பாக்கலியா என்று கேட்டேன், சாதாரணமாகக் கேட்பது போல.

"இருக்கட்டும்டி. வரும்போது வரட்டும்."

பேருந்து வந்தது. அவள் படித்த பக்கத்தில் விரலை வைத்துப் புத்தகத்தை மூடிக்கொண்டு ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நான் கை அசைத்தேன், அவள் ஏற்கெனவே குனிந்து படித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டரை மணிக் காட்சி குறித்த நேரத்தில் தொடங்கியது. முடிவில், தாளில் இருந்த புதிய பத்தியைப் படித்தேன்.